அலினாவுக்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்

லீ பார்டூகோவின் 'ஷேடோ அண்ட் போன்' வரிசையில் மூன்றாவதும் கடைசியுமான புத்தகம் 'ரூயின் அண்ட் ரைசிங்'. முதல் பாகம் 2012இல் வந்தது, இரண்டாவது 2013இல், இது 2014இல். நான் பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்றையும் சர்ச் ஸ்ட்ரீட் பிளாசம் புத்தகக் கடையில் பழைய பிரதியாக வாங்கி வைத்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கையில்தான் அவை சுற்றுகின்றன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படிப்பது ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். முதல் இரண்டு பாகத்தையும் திருப்பித் தரும்போது வாய் ஓயாமல் பேசுவார்கள். மூன்றாவதைத் தரும்போது கொஞ்சம் உம்மென்று இருப்பார்கள். எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனால் முடிவைச் சொல்லாமல் அந்த வருத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராவ்கா என்ற நாட்டை ஒரு பெரும் இருட்டுப் பரப்பு இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது. அதை உண்டாக்கியவன் டார்க்ளிங். வெளிச்சத்தை வரவழைக்கும் சக்தி அலினா என்ற அநாதைப் பெண்ணிடம் இருக்கிறது. அவளோடு ஒரே இல்லத்தில் வளர்ந்தவன் மால். அவள் சக்தியைப் பெருக்கக்கூடிய மூன்று உயிர்களில் மானும் கடல் நாகமும் கிடைத்தாயிற்று, நெருப்புப் பறவைதான் பாக்கி. இந்தப் பாகம் தொடங்கும்போது அரியணையில் டார்க்ளிங் இருக்கிறான், அலினா பூமிக்கடியில் ஒரு மதகுருவின் பிடியில் துவண்டு கிடக்கிறாள். அந்தக் குகை அத்தியாயங்கள் இழுவைதான், பொறுமையாகக் கடந்து வாருங்கள்.

கடந்து வந்தால் ஜென்யா இருக்கிறாள். இந்த வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அவளுடையது. அரண்மனையில் ராணிக்குப் பணிப்பெண்ணாக இருந்தவள், ராஜாவின் தொல்லைக்கு ஆளானவள், அடுத்தவர் முகத்தை அழகாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது அவள் முகமே டார்க்ளிங்கின் நிழல் பிராணிகளால் சிதைந்து கிடக்கிறது. ராஜாவுக்கு விஷம் வைத்ததாக அவள்மேல் குற்றச்சாட்டு. அத்தனை பேர் முன்னால் அந்தக் கிழவனை நேருக்கு நேர் பார்த்து, அவன் செய்ததைச் சொல்கிறாள். அதைக் கேட்ட இளவரசன் நிக்கோலாய் சொந்த அப்பாவையே முடி துறந்து நாட்டை விட்டுப் போகச் சொல்கிறான். அப்பா என்று பார்க்கவில்லை, ராஜா என்றும் பார்க்கவில்லை. பெண் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி இருப்பதற்காகவே இதை அலமாரியில் வைக்கலாம் என்பேன்.

அடுத்தது பாக்ரா. டார்க்ளிங்கின் தாய், கண் போன கிழவி. தன் சின்ன வயதில் தங்கையைத் தன் கையாலேயே கொன்றதையும், அந்த மூன்று உயிர்களையும் உருவாக்கிய தகப்பன் மொரோசோவா அந்தக் குழந்தைக்கு உயிர் கொடுத்து எழுப்பியதையும் அவள் சொல்லும் அத்தியாயத்தில் கதையின் முடிச்சு முழுக்க இருக்கிறது. அந்தத் தங்கை வழியில் வந்தவன்தான் மால். அதாவது மூன்றாவது உயிர் பறவையே இல்லை, அவன்தான். அருவிப் பக்கம் அவன் விழப்போகும்போது அலினா மணிக்கட்டைப் பிடிக்கிறாள். அந்தத் தொடுகையில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. முதல் பாகத்திலிருந்தே யாராலும் முடியாத இடத்தில் மால் மட்டும் எப்படித் தடம் கண்டுபிடித்தான் என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது. ஆசிரியர் இதை எவ்வளவு பொறுமையாகக் கோத்து வந்திருக்கிறார்!

சரி, முடிவுக்கு வருகிறேன். அந்த உயிரைக் கொன்றால்தான் சக்தி பெருகும் என்பதால் அலினா மாலைக் கத்தியால் குத்துகிறாள். சக்தி பெருகுவதற்குப் பதிலாக அவளை விட்டே போய்விடுகிறது. போனது சுற்றி நிற்கும் சாதாரண ஆட்களுக்குள் பாய்ந்து, அவர்கள் கைகளிலிருந்து வெளிச்சம் கிளம்புகிறது. ஒருத்தியிடம் குவிந்திருந்த சக்தி பலருக்குப் போய்ச் சேருவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டார்க்ளிங்கைப் போலவே அவளும் மேலும் மேலும் வேண்டும் என்று ஏங்கத் தொடங்கியிருந்தாள், அதற்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும். மால் செத்துப் பிழைக்கிறான். அலினாவும் செத்துவிட்டாள் என்று ஊரை நம்ப வைத்து, இருவரும் தாங்கள் வளர்ந்த கேரம்சினுக்குத் திரும்பி அநாதை இல்லத்தை எடுத்துக் கட்டுகிறார்கள்.

என் ஆதங்கம் அதற்கு அப்புறம் இருப்பதில்தான், சரியாகச் சொன்னால் இல்லாததில். முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். மாலைப் பிரிய மனமில்லாமல் தன் சக்தியைச் சின்ன வயதிலேயே அமுக்கி வைத்தவள் அலினா. அதனால்தான் வெளிறிப் போய், சாப்பாடு இறங்காமல், நோஞ்சானாக இருந்தாள். சக்தி வெளியே வந்த பிறகுதான் அவளுக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, முகத்தில் களை வந்தது. வெளிச்சம் அவள் உடம்போடு ஒட்டியது என்று அத்தனை அத்தியாயம் காட்டியவர், அது போன பிறகு அந்த உடம்பு என்ன ஆயிற்று என்பதை ஏன் சட்டென்று கடந்து போகிறார்? டார்க்ளிங் சாகும்போது அவன் உண்மைப் பெயரைச் சொல்லி அலினா அழுகிறாள், தனியாக விடாதே என்று அவன் கேட்கிறான், பிறகு அவனை எரிக்க ஒரு சிதையும் கிடைக்கிறது. அவ்வளவு கொடுமை செய்தவனுக்கு அத்தனை இடம். நாயகியின் இழப்புக்கு, ஜன்னலோரம் நின்று வெயிலில் விரல்களை அளைகிறாள் என்று ஒரு காட்சி. அழகான காட்சிதான், எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் போதவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பெண், "மிஸ், அவ பவர் போனதுக்கு யாருமே அழலையா?" என்று கேட்டாள். இதைவிடச் சரியாக யாரும் கேட்டுவிட முடியாது. கதைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் போரில் ஜெயித்ததையும் மால் பிழைத்ததையும்தான் பார்க்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பெண் கல்யாணத்துக்குப் பின் வேலையை விட்டால், வீடு நிம்மதியாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு நகரும் சொந்தக்காரர்கள் எங்கள் பக்கமும் உண்டு. அந்தப் பிள்ளைகள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். அவர்களுக்காகவாவது அலினா கோபப்பட ஒரு அத்தியாயம் இருந்திருக்கலாம்.

நெட்ஃபிளிக்ஸ் தொடரின் 2023 பாகத்தில் முடிவை மாற்றி, சக்தியை அவளிடமே விட்டுவிட்டார்கள். இதுவே பரவாயில்லை என்று பலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. விலை கொடுத்த முடிவுதான் பெரியது, அந்த விலையை நின்று எண்ணிப் பார்த்திருந்தால் இன்னும் பெரியதாகியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இதைத் தர மாட்டேன், ஜென்யாவுக்கு நடந்தது சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை. அதற்கு மேல் யார் கேட்டாலும் மூன்றையும் சேர்த்தே எடுத்துத் தருகிறேன். நிக்கோலாய்க்கும், காற்றை ஆளும் சக்தி உள்ள ஜோயாவுக்கும் பிறகு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு 2019இல் வந்த 'கிங் ஆஃப் ஸ்கார்ஸ்' இருக்கிறது. அடுத்த முறை சர்ச் ஸ்ட்ரீட் போகும்போது அதையும் தேடி வாங்கி வர வேண்டும்.