‘குவாரண்டைன் முடிந்த கோய் மீன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை பக்கம் கோய் (அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெண்டை மீன்) வளர்ப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

மார்கழியில் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் கோய் வாங்கினேன். “மூணு வாரம் தனியா வச்சுப் பார்த்த மீன் சார், நேரா குளத்துல விடலாம்” என்று சொல்லி, அதற்கென்றே கூடுதல் காசும் வாங்கினார்.

வழக்கம்போல நான் தனித் தொட்டியில்தான் விட்டேன். சில நாளில் எல்லாம் அடியில் சாய்ந்து படுத்துவிட்டன. தொட்டியைத் தட்டினால் எழுந்து நீந்தும், உடனே மறுபடி படுக்கும். கண் உள்வாங்கி, செவுள் வீங்கியிருந்தது. கேட்டால், “தண்ணி மாறினதுதான், ஆன்டிபயாட்டிக் பவுடர் போடுங்க” என்கிறார். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்?

பிசிஆர் சோதனையில் கார்ப் எடிமா வைரஸ் என்று வந்தது. 1970களில் ஜப்பானில் தெரியவந்த ‘தூக்க நோய்’ இதுதான். 1000 லிட்டருக்கு 5 கிலோ கல் உப்பு போட்டு, காற்றை நன்றாக விட்டதில் சில மீன்கள் தேறின. உப்பு வைரஸைக் கொல்லாது. செவுள் கெட்டதால் மீனின் உடம்பில் குறையும் உப்பை ஈடுகட்டும், அவ்வளவுதான். தேறிய மீனைப் பழைய மீன்களோடு நான் சேர்க்கவில்லை.

கீழக்கரை அண்ணன் ஒருவர் அதே லோடில் வாங்கி, அந்தப் பேச்சை நம்பி நேரே குளத்தில் விட்டார். நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, பிள்ளை மாதிரி வளர்த்த பழைய மீன்களும் சேர்ந்து போய்விட்டன. அண்ணன் அந்த வியாபாரியின் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ‘தனித் தொட்டி’ என்பது மற்றத் தொட்டிகளோடு ஒரே பில்டரில் ஓடுகிறது. அதே தண்ணீர்தான் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. இதற்குப் பெயர் குவாரண்டைனா?

நம் ஊருக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. கோய் ஹெர்பிஸ் வைரஸ் பெரும்பாலும் 18 முதல் 28 டிகிரி வரையுள்ள தண்ணீரில்தான் கொல்லும். 30க்கு மேலே போனால் அடங்கிவிடும், ஆனால் மீனுக்குள் இருக்கும். அதனால் சித்திரை வெயிலில் மூன்று வாரம் வைத்துப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. நிழலில் வைத்து, 24 டிகிரி அளவுக்குத் தண்ணீரைக் குளிரவைத்துப் பாருங்கள். வலை, வாளி எல்லாம் அந்தத் தொட்டிக்கென்று தனியாக இருக்கட்டும். வாங்கும் முன் தொட்டியையும் பில்டரையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. சோதனை ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அந்த லோடில் வாங்கியவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.