குழாய்க் காற்றும் திறந்த வானமும்: அகச்சிவப்பை அளந்த இரு வழிகள்

காற்றின் ஊடே அகச்சிவப்பு என்னும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் எவ்வளவு கடந்து வருகிறது என்பதை, இயற்பியலாளர் ஜான் டிண்டல் காற்றைக் குழாயில் அடைத்து அளந்தார். அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி வானத்தையே குழாயாகக் கொண்டார்.

1859-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டிண்டல் அமைத்த பித்தளைக் குழாய் நான்கடி நீளம் கொண்டது. கண்ணாடி இக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், அதன் முனைகளை மெருகேற்றிய இந்துப்புத் தகடுகளால் மூடினார். கொதிநீர்ப் பெட்டியிலிருந்து குழாய் வழியே வரும் வெப்பம், வெப்பத்தை மின்னோட்டமாக்கும் தெர்மோபைலின் ஒரு முகத்தில் விழ, மறுமுகத்தில் இன்னொரு வெப்பமூலத்தை வைத்து இரண்டையும் சமன்செய்திருந்ததால், வாயு நுழைந்தவுடன் ஏற்படும் சிறு குறைவையும் மின்னோட்டத்தை அளக்கும் கால்வனோமீட்டரின் முள் காட்டிவிட்டது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறத்தாழ எதையும் தடுப்பதில்லை, நீராவியும் கரியமில வாயுவும் தடுக்கின்றன என்பது இவ்வாறே உறுதியாயிற்று.

குறை இந்துப்பில் இருந்தது. அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீராவியின் செயலாக டிண்டல் கண்டது தகட்டில் படிந்த ஈரத்தின் செயலே என்று ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸ் வாதிட, தகடுகளே இல்லாமலும் டிண்டல் அளந்துகாட்ட நேர்ந்தது.

வானத்தையே அளந்த லாங்லிக்குக் குழாயை மூடும் தகடுகள் தேவைப்படவில்லை. கருமையூட்டிய மெல்லிய பிளாட்டினப் பட்டையின் மின்தடை மாற்றத்தைக் கொண்டு வெப்பத்தை அறியும் போலோமீட்டருடன் 1881-இல் கலிபோர்னியாவின் விட்னி மலைக்குச் சென்று, மலையடியிலும் உயரத்திலும் வெயிலை அளந்தார். ஆயினும் பூமி உமிழும் நெடிய அலைகளுக்கு நிகரானவை சூரியனைவிட நிலவின் சொந்த வெப்பத்திலேயே மிகுதி என்பதால், அவருடைய நிலவு அளவீடுகளையே நான் மேலாக மதிக்கிறேன். நிலவு தொடுவானிலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கையில், உச்சியில் இருப்பதைப்போல ஏறத்தாழ இருமடங்கு காற்றைக் கதிர் கடக்கிறது. குழாயை நீட்டும் வேலையை நிலவே செய்துவிடுகிறது. 1896-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ் கரியமில வாயுவின் வெப்பவிளைவைக் கணக்கிட எடுத்துக்கொண்டவை இந்த எண்களே.

வானத்தில் நீராவியும் கரியமில வாயுவும் கலந்தே வருகின்றன. எது எவ்வளவு தடுத்தது என்று அங்கே நேரடியாகப் பிரித்தறிய இயலாது. மொத்தத் தடுப்புக்கு வானமே நம்பகமானது என்றாலும், காரணத்தைச் சொல்வது குழாய் என்பதால் என் சாய்வு அதன் பக்கம். 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பார்க் ஃபால்ஸில் தொடங்கிய, தரையிலிருந்து காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் டிக்கான் (TCCON) வலையமைப்பின் நிலையங்களும் சூரிய ஒளியைப் பிரித்து வாயு அளவைக் கணிக்க ஆய்வகக் குழாய்களில் பெற்ற நிறமாலைத் தரவுகளையே நம்புகின்றன. அத்தரவின் பிழை கணிப்பிலும் ஏறிவிடுவதால், விமானங்களில் நேரடியாக எடுத்த அளவீடுகளைக் கொண்டு அதைத் திருத்துகிறார்கள்.