ரேண்டமைசர் போட்டு ஆட: ஃபயர் எம்பிளம் 7-ஆ, 8-ஆ?

ஃபயர் எம்பிளம் என்பது வீரர்களைக் கட்டம் கட்டமாக நகர்த்திச் சண்டை போடும் வியூக விளையாட்டுத் தொடர். இந்த இரண்டுமே நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தவைதான். ஏழு 2003-இல் வந்த பிளேசிங் பிளேடு, எட்டு 2004-இல் வந்த சேக்ரட் ஸ்டோன்ஸ். ஆனால் வீரர்களின் கிளாஸையும் (வாள்வீரனா, வில்லாளியா என்ற வகை) வளர்ச்சி விகிதத்தையும் (லெவல் ஏறும்போது திறன்கள் கூடும் வாய்ப்பு) ரேண்டமைசர், அதாவது விளையாட்டை இஷ்டத்துக்கு மாற்றும் மென்பொருள், கலைத்துப் போட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும். எட்டில் வால்னி கோபுரத்துக்குப் போய் அரக்கர்களை அடித்து லெவல் ஏற்றலாம், அதனால் நாயகி எய்ரிகா வாளுக்குப் பதில் வில்லோடு வந்து நின்றாலும் (பக்கத்தில் வந்து அடிப்பவனைத் திருப்பி அடிக்க முடியாது, பாவம்) பொறுமை இருந்தால் தேற்றிவிடலாம். ஏழில் அந்த வசதி இல்லை. பந்தயம் கட்டி ஒற்றைக்கு ஒற்றை மோதும் அரீனா உண்டு, அதுவும் உயிரைப் பணயம் வைத்து. நாயகர்களான எலிவுட், ஹெக்டர், லின் மூவரில் யார் செத்தாலும் ஆட்டம் காலி, ஆக ஒருவர் சோப்ளாங்கியாக அமைந்துவிட்டால் அவரை மூலையில் ஒளித்து வைப்பதே பெரிய வேலை. எனக்கு ஏழுதான் பிடிக்கும். புதிதாக வருபவர்கள் எட்டில் தொடங்கலாம். கோபுரத்துப் பக்கமே போவதில்லை என்று விதி வைத்துக்கொண்டால் அதுவும் சூடு பிடிக்கும்.