காரில் உறங்கும் நெடும்பயணத்துக்குத் தானாகக் காற்று நிரம்பும் மெத்தை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

குறைந்த செலவில் நெடும்பயணம் புறப்படுகிறவர்கள் எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் சுங்கத்துக்கும் நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். படுக்கையை மட்டும், வீட்டில் இருக்கும் போர்வைகளை அள்ளிப் போட்டுக்கொண்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வண்டியிலேயே உறங்குவதில் மிச்சமாகும் பணம் முழுவதும் அறை வாடகையிலிருந்து மிச்சமாவதுதான். தூக்கம் கெட்டு, முதுகு பிடித்து, பொறுக்க முடியாமல் ஒருவர் அறை தேடத் தொடங்கினால் அந்தக் கணக்கு அன்றே குலைந்துவிடும். பணத்தைவிடப் பெரிய கவலையும் இதில் உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்திருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நாள் முழுவதும் ஓட்டிவிட்டு அரைகுறையாக உறங்கி, மறுநாளும் ஓட்ட வேண்டியவருக்கு அந்த எண் மிக அருகில் இருக்கிறது. ஆகவே பாதையையும் ஒரு நாளைய தூரத்தையும் முடிவு செய்வதற்கு முன்பே மெத்தையை முடிவு செய்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

நான் நீண்ட காலமாகப் பயன்படுத்திவருவது 10 செ.மீ. தடிமனுள்ள, தானாகக் காற்று நிரம்பும் ஃபோம் மெத்தை. ஏறத்தாழ இதே அமைப்பும் இதே அளவும் கொண்ட மெத்தைகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றியே எழுதுகிறேன். காற்று புகாத பூச்சுள்ள பாலியஸ்டர் உறைக்குள், காற்று ஊடுருவக்கூடிய ஃபோம் உறையின் இரு பக்கங்களோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. வால்வைத் திறந்தவுடன், சுருண்டு கிடந்த ஃபோம் விரிந்து வெளிக்காற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த முறையை 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் போயிங் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய பொறியாளர்கள். தெர்மரெஸ்ட் என்ற பெயரில் அது மலையேறிகளிடையே பரவியது. முதுகில் சுமந்து செல்ல வேண்டிய பொருள் என்பதால் அன்று தடிமன் குறைவாக இருந்தது. எடையைச் சுமப்பது வண்டி என்றான பின் தடிமனைத் தாராளமாகக் கூட்டிவிட்டார்கள். காருக்கென்று விற்கப்படும் இன்றைய மெத்தை அப்படி வந்ததுதான்.

தானாக நிரம்பும் என்ற விளம்பரத்தைப் பாதியளவு நம்பலாம். பெட்டியிலிருந்து முதன்முறை எடுத்தபோது, பல மாதங்கள் இறுகிக் கிடந்த ஃபோம் முழுமையாக விரிய மணிக்கணக்கில் ஆனது. பழகிய பிறகு பத்து நிமிடங்களில் படுக்கக்கூடிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் பக்கவாட்டில் படுக்கும்போது இடுப்பு எலும்பு தரையில் முட்டாமல் இருக்க மேலும் கொஞ்சம் காற்று வேண்டும். அதை வாயால் ஊதுவது நல்லதல்ல. மூச்சோடு போகும் ஈரம் ஃபோமுக்குள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்க வழி செய்யும். உடன் வரும் பை வடிவப் பம்பை ஐந்தாறு முறை அழுத்தினாலே வேலை முடிந்துவிடுகிறது.

வெறும் காற்று மெத்தையை விட்டுவிட்டு இதற்கு அதிகப் பணம் தர வேண்டுமா என்பதே வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி. குளிர்ந்த இரவுகளில் உறங்கப்போகிறீர்கள் என்றால், தர வேண்டும் என்றே சொல்வேன். மாலையில் 25 டிகிரி இருந்த காற்று விடியற்காலையில் 5 டிகிரிக்கு இறங்கினால் அதன் கனஅளவு ஏறத்தாழ 7 சதவீதம் சுருங்கிவிடும். ஓட்டை எதுவும் இல்லாமலேயே காற்று மெத்தை நள்ளிரவில் தொய்ந்துபோவதற்குக் காரணம் இதுவே. உள்ளே ஃபோம் இருக்கும் மெத்தையிலும் காற்று அதே அளவுதான் சுருங்குகிறது என்றாலும், உடலைத் தாங்குவதில் ஒரு பங்கை ஃபோம் ஏற்றுக்கொள்வதால் அந்தத் தொய்வு முதுகுக்குத் தெரிவதில்லை. அதைவிட முக்கியமானது குளிர். காற்று மெத்தையின் வெற்று உட்புறத்தில் காற்று சுழன்று உடல் வெப்பத்தைக் கீழே கடத்திக்கொண்டே இருக்கும். ஃபோம் அந்தச் சுழற்சியைத் தடுத்துவிடுகிறது.

வெப்பத்தைத் தடுக்கும் இந்தத் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குத் தோன்றிய முறையில் அளந்துகொண்டிருந்ததால் இரண்டு மெத்தைகளின் எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லாமல் இருந்தது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரநிலை வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. எண்ணுக்கு அருகில் அந்தத் தரநிலையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அந்த எண்ணை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு 2 போதும். உறைநிலையைத் தொடும் இரவுகளுக்கு 4-க்கு மேல் இருப்பது நல்லது. ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தால் இரண்டின் மதிப்புகளும் கூடும் என்பதால், கையிலிருக்கும் மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்றை அடியில் போட்டே இந்த எண்ணை உயர்த்திக்கொள்ளலாம். கீழிருந்து ஏறும் குளிரைத் தடுக்காமல், இரவில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நின்றபடி ஓடும் இன்ஜின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிபொருளைக் குடிக்கும் என்பது ஒருபுறம். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்தால் உறங்குகிறவர் விழிக்காமலேயே போகலாம் என்பது மறுபுறம். அதற்கு மெத்தைக்குக் கூடுதலாகச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

அளவு விஷயத்தில் விற்பனைப் பக்கங்கள் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகின்றன. 200 செ.மீ. நீளம், 130 செ.மீ. அகலம், இருவருக்கு ஏற்றது என்று போட்டிருப்பார்கள். காரின் பின்புறத்தில் அகலத்தைத் தீர்மானிப்பது இரு சக்கர வளைவுகளுக்கு இடைப்பட்ட தூரம். நடுத்தர அளவுள்ள பல கார்களில் அது ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதைவிட அகலமான மெத்தை இரு ஓரங்களிலும் வளைவுகளின் மேல் ஏறி, படுப்பவர்கள் இருவரையும் நடுவில் சரித்துவிடும். நீளத்தையும் பின்கதவிலிருந்து மடித்த இருக்கையின் முனைவரை அளந்தால் போதாது. முன்னிருக்கையை இயன்றவரை முன்னே தள்ளி, இடையில் விழும் பள்ளத்தை ஒரு பெட்டியால் நிரப்பிய பிறகு அளக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் தலைக்கு மேல் எஞ்சும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. தடிமன் அந்த இடத்தைத்தான் தின்கிறது. மழை பெய்யும் மாலையில் வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார முடியுமா முடியாதா என்பது பெரிய வேறுபாடு.

மடித்த இருக்கைக்கும் டிக்கியின் தளத்துக்கும் இடையிலுள்ள சிறு படியை இந்த மெத்தை நன்றாகவே மறைத்துவிடுகிறது. ஆனால் சரிவை எந்த மெத்தையாலும் சரிசெய்ய முடியாது. தலை உயரமான பக்கத்தில் வருமாறு வண்டியை நிறுத்துவது ஒன்றே வழி. சரிவில் இதன் பெரிய குறை வெளிப்படுகிறது: மேற்பரப்பு வழுவழுப்பானது. ஸ்லீப்பிங் பேக் இரவெல்லாம் மெல்ல நழுவி, விடியும்போது கால்கள் கதவில் முட்டிக்கொண்டிருக்கும். நான்கு மூலைகளிலும் ரப்பர் வைத்துத் தைத்த பருத்தி உறை ஒன்றைப் போட்ட பிறகே இது தீர்ந்தது. அந்த உறையை மெத்தையோடு தராதது தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஈரம் மற்றொரு தொல்லை. இரவு முழுவதும் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஒருவர் சில நூறு மில்லி லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். அது கண்ணாடியில் வழிவதை எல்லோரும் காண்கிறோம், மெத்தையின் அடியில் தேங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. உறை காற்றுப் புகாதது என்பதால் உள்ளிருக்கும் ஃபோம் நனையாது. ஆனால் அடிப்பக்கமும் வண்டியின் கம்பளமும் ஈரமாகி நாற்றம் பிடித்துவிடும். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை விரல் அகலத்துக்குத் திறந்து கொசுவலை மாட்டுவதும், காலையில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும் போதுமானவை.

நெடும்பயணத்தில் இந்த மெத்தையைக் கெடுப்பவை முள்ளும் கல்லும் அல்ல, உயரமும் வெயிலும். கடல் மட்டத்தில் நிரப்பி மூடிய மெத்தையோடு 2000 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உள்ளிருக்கும் காற்று அந்த அளவுக்கு விரிய முயலும். வெயிலில் நிறுத்திய வண்டியிலும் இதே கதைதான், கூடவே சூட்டில் பசையும் இளகும். இரண்டும் சேரும்போது ஃபோமிலிருந்து உறை பிரிந்து ஓரிடத்தில் பந்துபோல உப்பிவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை, மெத்தையை மாற்றத்தான் வேண்டும். வண்டி ஓடும் நேரமெல்லாம் வால்வைத் திறந்தே வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது. இதோடு ஒப்பிட்டால் ஓட்டை விழுவது ஒன்றுமே இல்லை. சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழும் இடத்தைக் கண்டு, துடைத்துக் காயவைத்து ஒட்டினால் முடிந்தது. முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வைத்தான், பெரும்பாலும் அதன் விளிம்பில் சிக்கிய ஒரு மணல்துகள்தான் காரணமாக இருக்கும்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணம் முழுவதும் படுக்கையை எடுக்கவே போவதில்லை, பின்னிருக்கைகள் மடித்தபடியே இருக்கும் என்றால், அளவுக்கு வெட்டிய அடர்த்தியான சாதாரண ஃபோம் இதைவிட மலிவு, இதைவிட மென்மை, உயரத்துக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. பகலில் இருக்கைகளை நிமிர்த்த வேண்டியவர்களுக்கும், சில இரவுகளைக் கூடாரத்தில் கழிப்பவர்களுக்கும்தான் இந்த மெத்தையின் விலை பொருத்தமானது. இருவராகப் போகிறவர்கள் இரட்டை மெத்தை ஒன்றைவிட ஒற்றை மெத்தைகள் இரண்டை வாங்குவது நல்லது. ஒருவர் புரளும்போது மற்றவர் தூக்கிப்போடப்படுவதில்லை, ஒன்றில் உறை பிரிந்தாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. ஆனால் இரண்டின் அகலத்தையும் கூட்டி, சக்கர வளைவுகளுக்கு இடையே எடுத்த அளவோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.