காமிக்ஸ் ஜீன் ரிசர்ச்: பின்டரஸ்ட் போர்டா, கையில பிடிச்சுப் பாக்கற ஜீனா?

காமிக்ஸ் ஜீன் (zine, நாமளே வரைஞ்சு கொஞ்சம் காப்பி மட்டும் அச்சடிக்கற சின்ன புத்தகம்) ஒண்ணு பண்ணலாம்னு இறங்குனா மொத வேலை, இப்ப மத்தவங்க எப்படி வரையறாங்க, எப்படி பக்கம் அமைக்கறாங்கன்னு பாக்கறதுதான். அதுக்கு ரெண்டு வழி இருக்கு. பின்டரஸ்ட், இன்ஸ்டாகிராம்னு மேஞ்சு போர்டுல படமா குவிக்கலாம், இல்லன்னா நாலஞ்சு ஜீன் காசு குடுத்து வாங்கி ஸ்கேலும் கையுமா உக்காரலாம். நான் ரெண்டாவது கட்சி, முன்னாடியே சொல்லிடறேன்.

போர்டுக்கு செலவில்ல, உலகம் பூரா உள்ளது ஒரே நாள்ல கண்ணுல படும். ஆனா ரெண்டு படம் சேவ் பண்ணா அதே மாதிரி இருபது காட்டும், கொஞ்ச நாள்ல ஏதோ எல்லாருமே பிங்க்கும் ப்ளூவும் போட்டு, சொரசொரப்பு டெக்ஸ்ச்சர் வெச்சு, நூடுல்ஸ் மாதிரி கைகால் வரையறாங்கன்னு ஆயிடும். அப்படியெல்லாம் இல்லங்க.

எனக்கு முடிவு பண்ண விஷயம் சைஸ்தான். ஸ்கிரீன்ல ஏ4 ஜீனும் ஏ6 ஜீனும் ஒரே உயரத்துல நிக்கும், ஜூம் வேற பண்ணிக்கறோம், அப்புறம் எழுத்து எவ்வளவு பெருசு, கோடு எவ்வளவு தடின்னு எப்படி தெரியும்? லாட்வியா நாட்டு ரீகா நகரத்துல இருந்து வர்ற குஷ் (kuš!) காமிக்ஸ் தொகுப்பெல்லாம் ஏ6, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர், உள்ளங்கையில அடங்கிடும். ஏ4ல வரைஞ்சதை அந்த சைஸுக்கு இறக்குனா நீளம் அகலம் ரெண்டுமே பாதி, 0.4 பேனா கோடு 0.2 ஆயிடும், 4 மில்லிமீட்டர் எழுத்து 2 ஆயிடும், பலூன்ல என்ன எழுதிருக்குன்னு கண்ணை இடுக்கணும். சின்ன ஜீன் பண்றவங்க பலர் ஏன் பக்கத்துக்கு ரெண்டு பேனலோட, அதாவது ரெண்டு படக் கட்டத்தோட நிறுத்திக்கறாங்க, ஏன் பின்னணியை காலியா விடறாங்கன்னு ஸ்கேல் வெச்சு அளந்தாதான் பிடிபடுது, அதுவரைக்கும் அதை வெறும் ஸ்டைல்னுதான் நெனச்சிட்டிருப்போம்.

அடுத்தது பின் அடிக்கற இடம். ஷீட்டை மடிச்சு நடுவுல பின் அடிச்சா பக்கம் நாலோட மடங்காத்தான் வரும். 16 பக்க ஜீன்ல 8ம் 9ம் மட்டும்தான் ஒரே ஷீட்ல பக்கத்துல பக்கத்துல வரும், மத்த ஜோடியெல்லாம் வேற வேற ஷீட், குறுக்க ஒரு படம் போட்டா கோடு லேசா தள்ளி நிக்கும். பெரிய படத்தை சிலர் நடுவுல கொண்டுபோய் வெக்கறது அதனாலதான். தனித்தனி பேனலா வெட்டி ஒட்டுன போர்டுல இது எங்க தெரியப்போகுது!

கலரும் இதே கதைதான். ஜீன் அச்சடிக்க பலர் பயன்படுத்தற ரிசோ (Risograph) மெஷின்ல ஒரு கலருக்கு ஒரு இங்க் டிரம், இங்க் பாதி ஊடுருவித் தெரியும், பிங்க் மேல ப்ளூ விழுந்தா அங்க பர்ப்பிள். லென்ஸ் வெச்சு பாத்தா பர்ப்பிள் ஓரத்துல பிங்க் ஒரு மயிரிழை எட்டிப் பாக்கும், ரெண்டு டிரம்லயே மூணு கலர் எடுத்திருக்காங்கன்னு அங்க புரியும். ஃப்ளூரசன்ட் பிங்க்கை எந்த மானிட்டரும் அப்படியே காட்டாது. விரல்ல லேசா இங்க் ஒட்டுச்சுன்னா பயப்படாதீங்க, எண்ணெய் கலந்த இங்க், முழுசா காயாது.

அதுக்காக போர்டே வேஸ்ட்னு சொல்லல. முகம் எப்படி வரையறாங்க, கேரக்டர் எப்படி நிக்குதுன்னு மட்டும் பாக்கணும்னா அது போதும். நான் ரிசோ பிரிண்டை பாத்திருக்கேனே தவிர மெஷினை ஓட்டுனதில்ல, போன்ல கீழ ஸ்க்ரோல் பண்ற காமிக்ஸ் பக்கமும் போனதில்ல, அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்துமான்னு அது பண்றவங்கதான் சொல்லணும்.

வாங்க கையில காசில்லன்னா நடுவுல ஒரு வழி இருக்கு. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இலவச ஆன்லைன் நூலகத்துல ஸ்கேன் பண்ண ஜீன் நிறைய கெடைக்கும், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஜீனா பாத்து எடுத்து நீங்களே பிரிண்ட் போட்டு மடிச்சுக்கங்க. ஒரிஜினல் சைஸ் என்னன்னு தேடிப் பாத்து அதே அளவுக்கு போடுங்க, பிரிண்ட் செட்டிங்ல ஃபிட் டு பேஜ் (பேப்பருக்கு ஏத்த மாதிரி படத்தை பெருசோ சின்னதோ ஆக்கறது) ஆன்ல இருந்தா மொத்த அளவும் போச்சு.