பிஸ்டன் உச்சியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள்

ராஜ்தூத் 350, யெஸ்டி, ஜாவா என்று பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி எதையாவது கட்டிக் காப்பாற்றிக்கொண்டு, இன்ஜின் வேலைக்காகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கும் கடலூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

வண்டி என் மாமாவுடையது. யமஹாவின் ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே தயாரித்து விற்றதே, அதில் ஒன்று. இரட்டை சிலிண்டர், போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 64 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மில்லிமீட்டர், 347 சிசி. முன்பே ஒருமுறை 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டியாயிற்று. அதுவும் தேய்ந்து, சூடேறினால் கலகலவென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. அடுத்த அளவு 0.50.

இந்த அளவுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். இந்த வண்டிக்கு 0.25, 0.50, 0.75, 1.00 என நான்கு அளவுகள்தான். நான்கும் முடிந்துவிட்டால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உள்ளுறை அடிக்க வேண்டும், அல்லது வேறு சிலிண்டர் தேடி அலைய வேண்டும். தயாரிப்பு நின்று முப்பது வருடத்துக்கு மேலான வண்டிக்கு ஒவ்வொரு அளவும் சேமிப்பில் உள்ள பணம் மாதிரி. எடுத்துவிட்டால் திரும்பப் போட முடியாது.

பட்டறைக்காரர் பேச்சில் தேன் ஒழுகியது. “பெரிய பிஸ்டன் போட்டால் வண்டி பறக்கும் ஐயா, பாருங்கள்” என்றார். 0.50 கூட்டினால் 347 சிசி ஏறக்குறைய 353 ஆகும். இந்த ஆறு சிசியில் எது பறக்கும்? எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. “தம்பி விவரமான ஆள்” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இரண்டு புது பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் இரண்டு ஜோடி, இரண்டு சிலிண்டருக்கும் போரிங் (கடைவது), ஹோனிங் (கடைந்த சுவரைப் பதப்படுத்துவது), கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். கொடுத்தது பில் அல்ல, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. பிஸ்டன் வந்ததும் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார், இடது ஒன்று, வலது ஒன்று என்று.

வண்டியை எடுத்துக்கொண்டு மாமா மெதுவாகத்தான் வந்தார். நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன். எங்குமே ஐம்பதைத் தாண்டவில்லை. சுண்ணாம்பாற்றுப் பாலம் கடந்து, தவளக்குப்பம் கடந்து, கிருமாம்பாக்கம் நெருங்கும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று அடைத்துக்கொண்டதுபோல் ஆனது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தாரில் கறுப்புக் கோடு போட்டது. டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர் என்பதால் மாமாவின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் பிடியில் இருக்கும், உடனே இழுத்துவிட்டார். பின்னால் வந்த பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. இந்தச் சாலையில் பஸ்கள் வரும் வேகம் தெரிந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

போன் செய்தால் பட்டறைக்காரரிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. முதலில் வேகமாக ஓட்டிவிட்டோம் என்றார். ஐம்பதுதான் என்றதும் ஆயில் சரியில்லை என்றார். அவர் ஊற்றிய ஆயில்தான் என்றதும் பெட்ரோலில் எத்தனால் என்றார். விலை குறைவு என்று கடலூரில் பாதிப் பேர் புதுச்சேரியில்தான் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறோம்; எல்லாருடைய வண்டியும் கிருமாம்பாக்கத்தில் நிற்கவில்லையே!

வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி நேராகக் கடலூர் முதுநகருக்குக் கொண்டுபோனோம். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் எங்கள் கண் முன்னாலேயே பிரித்தார். இடது பிஸ்டனின் உச்சியில் ‘50’ என்று பொறித்திருந்தது, அதாவது 0.50 அளவு. சரி. வலது பிஸ்டனின் உச்சியில் கரி சுரண்டப்பட்டுப் பளபளவென்று இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்த எண் ‘25’. எங்கள் பழைய பிஸ்டனேதான். பக்கவாட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பழைய நெடுக்குக் கீறல்கள் அதற்கும் அடியில் அப்படியே கிடந்தன. சிலிண்டரைக் கடையவே இல்லை. ஹோனிங் செய்திருந்தால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய கோடுகள் இருக்கும், ஆயில் தங்குவதற்கு. இதில் உப்புத்தாளைக் கையால் சுற்றிய வட்டங்கள்தான் இருந்தன. ரிங் மட்டும் புதிது.

பணம் வாங்கிக்கொண்டு செய்யாத வேலை வலது. செய்து கெடுத்த வேலை இடது. அந்தப் பிஸ்டனில் நான்கு மூலைகளில் மட்டும் உரசித் தேய்ந்த தடம் இருந்தது. பெரியவர் அதைக் காட்டி, “இடைவெளி போதவில்லை, சார். இதற்குப் பெட்ரோலைத் திட்டக்கூடாது” என்றார். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடேறும்போது பிஸ்டன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அதிகமாக விரியும். அதற்காகத்தான் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி விட்டுக் கடைவது. பிஸ்டனுக்குக் குறுக்கே ‘பின்’ என்ற உருளைக் கம்பி கோத்திருக்கும் இடத்தில் உலோகம் தடிமன், அந்தப் பக்கங்கள் முதலில் விரிந்து முட்டும். நான்கு மூலைத் தடம் அப்படி வருவது. பிஸ்டனைக் கையில் வைத்து மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கேற்ப சிலிண்டரைக் கடைய வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிக் கடையக்கூடாது. போர்ட் எனப்படும், சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளைகளின் ஓரங்களையும் மழுக்கவில்லை. கடைந்த பிறகு அந்தத் துளைகளின் விளிம்பு கத்திபோல் நிற்கும். மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டும். விரலை உள்ளே விட்டு வருடிப் பார்த்தேன், நகம் சீவிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து அந்த வாட்ஸ்அப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ‘இடது’, ‘வலது’ இரண்டும் ஒரே பிஸ்டன். பெட்டியின் மூலைக் கிழிசல் ஒன்றேதான். கோணத்தை மட்டும் மாற்றி எடுத்திருக்கிறார். இதைச் சொன்னதும் காரணங்கள் நின்றுபோயின. “பாதிப் பணம் தருகிறேன், வெளியே சொல்ல வேண்டாம்” என்றார். மாமா, “பாதி வேலைக்கா, பாதிப் பொய்க்கா?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

பணத்தைவிட எங்களுக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில். இடது சிலிண்டரில் விழுந்த கீறல் ஆழமானது, 0.75 கடைந்தால்தான் போகும். ஒரு பக்கம் 0.75 என்றால் மறுபக்கமும் அதே அளவுக்குப் போவதுதான் முறை, இல்லாவிட்டால் இரண்டு பிஸ்டனின் எடையும் இழுவையும் ஒத்துப்போகாது. ஆக, 0.50 என்ற அளவை ஒரு நாள்கூட ஒழுங்காக ஓட்டாமல் இழந்துவிட்டோம். இனி கையிருப்பு 1.00 மட்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பட்டறை புதுச்சேரியில் இருப்பதால் அங்கேதான் போய் அலைய வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் விசாரிக்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் தராமல் எஸ்டிமேட் சீட்டு தருவதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். யுபிஐயில் பணம் கொடுத்த பதிவும், அந்த இரண்டு படங்களும், பெரியவர் எழுதிக்கொடுத்த அளவுச் சீட்டும் எங்கள் கையில் இருக்கின்றன.

இப்போது யாராவது இதே வேலைக்கு வண்டி விட்டிருந்தால் ஒன்று செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், வால்வு கிடையாது. நட்டுகளைக் கழற்றித் தூக்கிவிடலாம், பெரிய வேலை இல்லை. மிச்சப் பணம் கொடுப்பதற்கு முன் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு உச்சியிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பிஸ்டன்கள் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குப்பையில் போட்டுவிட்டோம் என்று சொன்னால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள், அதில் ஒன்று வண்டிக்குள்ளேயே இருந்தது.