எச்சரிக்கை: வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பி 6 லட்சம் ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள்

நேற்று மாலை நான்காவது முறையாக அதே பதில் வந்தது: தாங்கள் விளம்பரம் வெளியிடும் தளம் மட்டுமே என்றும், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பணத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும். வீடு, மனை விளம்பரங்களுக்கான ஓர் இணையதளத்தை நம்பி நான் கொடுத்த 6 லட்சம் ரூபாய் இன்று என் கையில் இல்லை, வீடும் இல்லை. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அதே வீட்டுக்கு இன்னொருவர் முன்பணம் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கலாம்.

அந்த விளம்பரத்தின் மேல் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் ஒரு முத்திரை இருந்தது. தளத்தின் பிரதிநிதி என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட இளைஞர், ஆவண ஆய்வுக்கென்று தனியாக 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்தில் அழகான கோப்பு ஒன்றைக் கொடுத்தார். அதில் முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ், விற்பவர் பெயரிலேயே பட்டா, அவர் பெயரிலேயே வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, அவருடைய தந்தை அந்த இடத்தை வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகல் எல்லாம் இருந்தன. வில்லங்கச் சான்றிதழில் அடமானமோ வேறு விற்பனையோ எதுவும் இல்லை. “க்ளீன் டைட்டில் சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டுக் கூடத்தில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் பணத்தை வைத்து, நானும் என் மனைவியும் முன்பணம் கொடுத்தோம். விற்பவர் தம் தந்தையின் படத்தின் முன் தட்டை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். அந்த ஒரு செய்கையைப் பார்த்துத்தான் என் மனம் முழுமையாக இறங்கியது. இப்படிப்பட்டவர் ஏமாற்ற மாட்டார் என்று திரும்பி வரும்போது என் மனைவியிடம் நானே சொன்னேன். பத்திரம் தந்தையின் பெயரில் இருக்கிறது, தந்தை இறந்துவிட்டார், அப்படியானால் அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்ற கேள்வி, அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு எழவே இல்லை.

அந்தக் கேள்வியை வீட்டுக்கடனுக்காக வங்கி அமர்த்திய வழக்கறிஞர் கோப்பைத் திறந்து பத்து நிமிடத்துக்குள் கேட்டார். வாரிசுச் சான்றிதழ் எங்கே என்றார். கேட்டு வாங்கிப் பார்த்தால் மூன்று பெயர்கள் இருந்தன: விற்பவரும் அவருடைய இரண்டு அக்காக்களும். தந்தை உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். தாயும் இப்போது இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே முழு வீட்டையும் எனக்கு விற்பதாக எழுதிக்கொடுத்தவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் உரிமை. அக்காக்கள் இருவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தங்கள் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்துகொடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வங்கி கடன் மறுத்தது.

வில்லங்கச் சான்றிதழில் இது ஏன் தெரியவில்லை என்று அந்த வழக்கறிஞரிடம் கேட்டேன். பதிவு அலுவலகத்தில் பதியப்பட்ட ஆவணங்களின் பட்டியல்தான் அது. ஒருவர் இறந்ததோ, அவருடைய பிள்ளைகளுக்கு உரிமை வந்ததோ அங்கே ஆவணமாகப் பதியப்படுவதில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அதில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதால் மற்ற வாரிசுகளின் உரிமை போய்விடாது. வீட்டுவரி ரசீதும் அப்படித்தான். நான் நம்பிய தாள்கள் அனைத்தும் உண்மையானவை, ஆனால் எனக்கு வேண்டிய ஒரே விஷயத்தை அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அந்தப் பிரதிநிதியை அழைத்தபோது, அக்காக்களுக்கு 1989-க்கு முன்பே நகை போட்டுத் திருமணம் செய்து கொடுத்துவிட்டார்கள், அவர்களுக்குப் பங்கு கிடையாது என்றார். இந்தப் பேச்சைப் பலரிடம் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. தந்தை சொந்தமாக வாங்கிய சொத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மகள் எந்த ஆண்டில் திருமணமாகிப் போயிருந்தாலும் உயில் இல்லாதபோது அவளுக்குப் பங்கு உண்டு. ஆய்வுக்கென்று கட்டணம் வாங்கியவருக்கு இது தெரியாமல் இருந்ததா, தெரிந்தே மறைத்தாரா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

அதன்பின் அலைக்கழிப்பு தொடங்கியது. பிரதிநிதி முதலில் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார், பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாகச் சொன்னார், பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் கொடுத்து, நான் ஆரம்பத்திலிருந்து கதையைச் சொல்லச் செய்தார்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்பதற்கு என்ன பொருள் என்று விடாமல் கேட்டதற்கு, விற்பவரின் கைப்பேசி எண் சரிபார்க்கப்பட்டது என்று பொருள் என்றார்கள். 6 லட்சம் ரூபாய் கொடுத்தவனிடம் சொல்லும் பதில் இது. காவல் நிலையத்தில் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

விற்பவரோ ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். தொண்ணூறு நாட்களில் மீதிப்பணம் தராவிட்டால் முன்பணம் திரும்பாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது; அதில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். தம் உரிமையில் உள்ள குறையை மறைத்தவர் அந்த வரியை வைத்து என் பணத்தை விழுங்கிவிட முடியாது என்பதே என் வழக்கறிஞரின் வாதம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் தாமாகக் கண்டறிய முடியாத உரிமைக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது; வாங்குபவர் முறையின்றிப் பின்வாங்காத வரை, அவர் கொடுத்த முன்பணத்துக்கு விற்பவரின் பங்கையே ஈடாகவும் ஆக்குகிறது. ஆனால் 6 லட்சம் ரூபாயில் 4 லட்சம்தான் வங்கி வழியாகப் போனது. மீதி 2 லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார்கள், கொடுத்தேன், ஒப்பந்தத்தில் அது எழுதப்படவில்லை. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2015 ஜூன் முதல் இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், கை ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பத்திரத்தில் உள்ளவர் உயிரோடு இல்லையென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரிடம் போகாமல், நீங்களே கட்டணம் கொடுத்து ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். மூலப்பத்திரங்களின் அசலைக் கேளுங்கள், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்பவரை நம்பாதீர்கள். உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ரொக்கம் வேண்டாம்.

என் ஒப்பந்தம் பதியப்படாததால், இன்று வில்லங்கச் சான்றிதழ் எடுப்பவருக்கு நான் கொடுத்த 6 லட்சம் ரூபாயும் தெரியாது. இன்று காலை பார்த்தேன்: அந்த வீடு, அதே கூடத்தின் புகைப்படத்தோடு, மீண்டும் விளம்பரத்தில் வந்திருக்கிறது. பச்சை முத்திரையும் அப்படியே இருக்கிறது.